கம்பெனி மாடியும் சம்பந்தி கோபமும்

பழைய ஆலை, கிடங்கு, கொட்டகை இவற்றை எடுத்துப் புது வேலைக்குத் திருப்பும் இந்தத் தொழிலுக்கு நீங்கள் வந்து சேர்ந்த முதல் வாரத்திலேயே யாராவது என்னைப் பற்றி உங்கள் காதில் போட்டிருப்பார்கள். ‘யாரு, தீபத்தன்னைக்கி சம்மந்திய மாடியிலேருந்து இறக்கி விட்டாரே, அந்த இன்ஜினியரா?’ என்று. ஆமாம், அதே ஆள்தான். அரிசி ஆலை ஒன்றைப் பள்ளிக்கூடமாக மாற்றியிருக்கிறேன். பீடி இலைக் கிடங்கை நூலகமாக்கியிருக்கிறேன். அதெல்லாம் ஒருவர் நினைவிலும் இல்லை. ஓய்வு பெற்ற அன்று போட்ட மாலை வாடுவதற்குள் மறந்துவிட்டார்கள். இது மட்டும் நிற்கிறது. ஆளுக்கொரு கண், மூக்கு வைத்துச் சொல்கிறார்கள் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். கேட்டுவிட்டுச் சிரித்துக்கொள்ளுங்கள், தப்பில்லை.

திருவண்ணாமலையில் ரயிலடி தாண்டிக் கொஞ்சதூரத்தில் இருக்கும் அந்தக் கட்டடத்துக்கு ஊரில் தனியாகப் பெயர் கிடையாது. ‘கம்பெனி’ என்றால் போதும், ஆட்டோக்காரர் கொண்டுபோய் விட்டுவிடுவார். கடலை எண்ணெய் ஆலை. கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கடலையெல்லாம் ஒருகாலத்தில் வண்டி வண்டியாக அங்கேதான் வந்தது. சாலையை ஒட்டி ஆபீஸ் கட்டடம். அதற்கு மேற்கே கடலை காயவைக்கும் பெரிய சிமெண்டுக் களம். ஓரமாக இயந்திரங்கள் ஓடிய ஓட்டுக் கொட்டகை. ஆலை நின்று வெகுகாலம் ஆகிவிட்டது. அதை வாங்கி இடித்து மனை போடப் பலபேர் நடையாய் நடந்தார்கள். முதலாளி குடும்பத்தின் கடைசி மருமகள் சுலோச்சனா அம்மா மசியவில்லை. கிரிவலத்துக்கு வருகிறவர்கள் தங்கிச் சாப்பிட்டுப் போகும் விடுதியாக அதை மாற்ற வேண்டும் என்று என்னிடம் வந்தார். தன் கையில் இருந்ததையெல்லாம் அதில் போட்டிருந்தார்.

வேலை சுமுகமாக நடந்தது என்று சொன்னால் பொய். மழை பெய்தால் சுவரிலிருந்து புண்ணாக்கு வாசனை வரும். அத்தனை வருஷமாக எண்ணெய் குடித்த சுவர், நான் அடித்த பெயிண்டை ஏற்றுக்கொள்ளவே இல்லை, அப்பளம் அப்பளமாக உரிந்து விழுந்தது. மூன்று முறை அடித்துப் பார்த்துத் தோற்றபிறகு, ‘இதுதான் பழமையின் அழகு, வேண்டுமென்றே விட்டிருக்கிறோம்’ என்று எல்லாரிடமும் சொல்ல ஆரம்பித்தேன். அதையும் நம்பினார்கள். சுவர் என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருந்ததால் என் தலைக்கனம் கொஞ்சம் ஜாஸ்தியாகிவிட்டது.

தலைக்கனத்துக்குத் தோதாக ஒரு மாடி கிடைத்தது. ஆபீஸ் கட்டடத்துக்குள் ஒரு குறுகலான படிக்கட்டு. ஏறினால் மொட்டைமாடி. தேக்கு உத்தரம், அதன்மேல் சட்டம், அதன்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட அந்தக்காலத்து மாடி. அங்கே நின்றால் மலை அப்படியே முழுசாக எதிரில் நிற்கும். கார்த்திகை தீபத்தன்று முதலாளி வீட்டார் ஏழெட்டுப் பேர் மட்டும் அதில் ஏறித் தீபம் பார்ப்பார்களாம். வேலையாட்களும் கடலை கொண்டுவந்த விவசாயிகளும் கீழே களத்தில் நின்று பார்ப்பார்களாம். எனக்குப் புல்லரித்துவிட்டது. திறப்புவிழாவில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, ‘முதலாளிகள் மட்டும் ஏறிய மாடி இனிமேல் எல்லாருக்கும்’ என்று முழங்கினேன். நல்ல கைத்தட்டல். ஏழெட்டுப் பேர் ஏறிய மாடி ஏழெட்டுப் பேரைத்தான் தாங்கிப் பழகியிருக்கும் என்பது அந்தக் கைத்தட்டலில் எனக்குக் கேட்கவில்லை.

நான் தொழில் கற்ற இடத்தில் எனக்கு மேலே ஒருவர் இருந்தார். எந்த வரைபடத்தைக் கொண்டுபோய்க் காட்டினாலும் கணக்கைப் பார்க்கமாட்டார். “இதுல யாருய்யா நிக்கப் போறாங்க?” என்று ஒரே கேள்வி. மனுஷனுக்குக் கணக்கு வராது, அதனால்தான் இப்படி மழுப்புகிறார் என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன். கம்பெனி மாடிக்குக் கணக்குப் போட்டபோது என் மனதில் நின்றவர்கள், செங்கம் ரோட்டுக் காபிக் கடைகளில் பார்ப்போமே, அந்த மாதிரி இரண்டு வெள்ளைக்காரர்கள். ஆளுக்கொரு இஞ்சி டீயை வைத்துக்கொண்டு பேசாமல் மலையைப் பார்க்கிறவர்கள். அவர்களை எந்த மாடியும் தாங்கும்.

இருந்தாலும் முன்ஜாக்கிரதையாக ஒரு பலகை எழுதி வைத்தேன். ‘மாடியில் ஒரே நேரத்தில் இருபது பேருக்கு மேல் நிற்கக்கூடாது.’ அதைப் படிக்கட்டின் கதவை ஒட்டிய சுவரில் அழகாக மாட்டினேன். கதவு மூடியிருந்தால் பலகை பளிச்சென்று தெரியும். கதவைத் திறந்தால் அது பலகையின் மேலேயே போய்ச் சாயும். மாடிக்குப் போகிறவர்கள் கதவைத் திறந்துகொண்டுதான் போவார்கள் என்பதை யோசித்துப் பார்க்க நான் படித்த படிப்பு போதவில்லை.

திருவண்ணாமலையில் பிறந்து வளர்ந்தவன் நான். தீபத்தன்று இந்த ஊரில் ஒருவனிடம் மாடி இருந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? மாடி இருக்கிறவனுக்குத்தான் அன்றைக்குச் சொந்தம் ஜாஸ்தி. அப்படியிருந்தும் சுலோச்சனா அம்மா தன் சொந்தக்காரர்களைக் கூப்பிட்டார். சமையல்காரர் தன் தெருக்காரர்களைக் கூப்பிட்டார். பலகை எழுதிய நான் யாரைக் கூப்பிட்டேன் தெரியுமா? என் சம்பந்தியை. குடும்பத்தோடு. ‘நம்ம மாடி சம்மந்தி, எல்லாரையும் கூட்டிக்கிட்டு வாங்க’ என்று போனில் வேறு சொன்னேன். அந்த இருபது பேர் கணக்கில் நம்ம வீட்டு ஆட்கள் சேரமாட்டார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்கிறோம்.

என் ஒரே மகள் கவிதாவைக் கீழ்பென்னாத்தூரில்தான் கொடுத்திருக்கிறேன். நெல்லும் கடலையும் போடுகிற குடும்பம், பெரிய வகையறா. சம்பந்தி தங்கமான மனுஷர், ஆனால் கோபக்காரர். நிச்சயதார்த்தத்தில் காபி தாமதமாக வந்தது என்று எழுந்து போனார். கிரகப்பிரவேசப் பத்திரிகையில் பெயர் மூன்றாவது வரியில் இருந்தது என்று எழுந்து போனார். அவர் எழுந்தால் தனியாக எழுவதில்லை. அண்ணன், தம்பி, சித்தப்பா, அவர்கள் வீட்டுப் பெண்கள் என்று மொத்த வகையறாவும் பின்னாலேயே எழுந்துவிடும். தெருமுனைவரை ஓடிப்போய்க் கையைப் பிடித்து அழைத்துவருவது என் வேலை. எனக்கு அது பழகிவிட்டது.

ஆனால் இந்த அழைப்பில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். “எங்க அப்பா கடல ஏத்திக்கினு வந்து எட போடற வரைக்கும் அந்தக் களத்துலதான் வண்டியோட நிப்பாரு. ஆபீஸ் படி மேல அவர் கால் பட்டதில்ல. நான் அந்த மாடிக்கே வரேன் பாருங்க” என்றார்.

வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள். வெள்ளை வேட்டி, பட்டுப் புடவை, இடுப்பில் குழந்தைகள், எல்லாரும் தீபம் பார்க்கும்வரை விரதம். மாடியில் மலைப்பக்கக் கைப்பிடிச் சுவரை ஒட்டி நாற்காலி போட்டுச் சம்பந்தியை உட்கார வைத்தேன். அவரைச் சுற்றி வகையறா. அதற்குப் பின்னால் சுலோச்சனா அம்மாவின் சொந்தம், தெருக்காரர்கள். மாடியின் சாலைப்பக்கம் காலி. எல்லாரும் மலைப்பக்கம் ஓரமாகவே நெருக்கி நின்றார்கள். பின்னே, மலையைப் பார்க்க வந்தவர்கள் சாலையையா பார்ப்பார்கள்? நான் நடுவில் நின்று, ‘எப்படி நம்ம மாடி?’ என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பந்தி தயாரா என்று பார்க்கக் கீழே இறங்கினேன். மாடிக்கு நேர் கீழேதான் சாப்பாட்டுக் கூடம். இலை போட்டுத் தண்ணீர் தெளித்திருந்தார்கள். மலைப்பக்கச் சுவர் ஓரத்து இலைகளில் மட்டும் ஏதோ மாவு கொட்டியது போல இருந்தது. தொட்டுப் பார்த்தேன். சுண்ணாம்பு. நிமிர்ந்து பார்த்தேன். உத்தரம் சுவருக்குள் நுழைகிற இடத்தில் பூச்சு விரிந்திருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதிலிருந்து பொடி உதிர்ந்தது. அந்த உத்தரத்தை நடுவில் எல்லாம் தட்டிப் பார்த்திருந்தேன், கணீரென்று சத்தம் கொடுத்தது. சுவருக்குள் போன முனையைத் திறந்து பார்க்கவில்லை. அந்தப் பூச்சின்மேல் நான் அடித்த பெயிண்ட் அங்கே மட்டும் உரியாமல் அழகாக ஒட்டியிருந்தது.

மேலே என் மனைவி இருந்தாள். கவிதா இருந்தாள், இடுப்பில் பேத்தியோடு. அத்தனை பேரும் இருந்தார்கள்.

சமையல் ஆட்களை முதலில் வெளியேற்றினேன். பந்தி களத்தில் என்று மட்டும் சொன்னேன். வாசலில் பந்தல் போட்டிருந்தவரிடம் சவுக்குக் கட்டைகளை எடுத்துவந்து உத்தரத்துக்கு முட்டுக் கொடுக்கச் சொன்னேன். அதற்கு நேரமாகும். சுலோச்சனா அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு உதிர்ந்த பொடியைக் காட்டினேன். மைக் இருக்கிறதே, எல்லாரையும் இறங்கச் சொல்லிவிடலாம் என்றார்.

இங்கேதான் நீங்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். இருப்பது ஒரே படிக்கட்டு, ஒரு ஆள் ஏறினால் இன்னொரு ஆள் ஒதுங்க வேண்டிய அகலம். மாடி உடைகிறது என்று மைக்கில் சொன்னால் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் திடுதிடுவென்று ஓடுவார்கள். அந்த ஓட்டத்தை உத்தரம் தாங்காது. தாங்கினாலும் படிக்கட்டில் குழந்தைகள் நசுங்கும். மைக் வேண்டாம் என்றேன். புதிதாக யாரையும் ஏறவிடாமல் அவரைப் படிக்கட்டடியில் நிற்கச் சொல்லிவிட்டு மேலே போனேன்.

ஏறும்போது யோசித்தேன். தீபம் ஏற்றப்போகிற நேரத்தில் இந்த ஊரில் ஒருவனை மாடியிலிருந்து இறக்க என்ன வழி? சாப்பாடு என்றால் வரமாட்டான், விரதம். சாமி வருகிறது என்றால் எதிரிலேயே மலை நிற்கிறது. அப்போது நாற்காலியில் உட்கார்ந்திருந்த சம்பந்தியைப் பார்த்தேன். ஓரத்தில் நின்றவர்களில் பாதிக்குமேல் அவர் ஆட்கள். கோபித்துக்கொண்டு போகிறவர்கள் ஓடுவதில்லை என்று சட்டென்று தோன்றியது. ஓடினால் கோபத்துக்கு மரியாதை ஏது? பெரியவர் முதலில், அப்புறம் தம்பிமார், அப்புறம் பெண்கள் என்று வரிசையாக, நிதானமாக, தலையை நிமிர்த்திக்கொண்டு இறங்குவார்கள். எனக்கு வேண்டியது அதுதான்.

என்ன ஒரு யோசனை என்று என்னையே மெச்சிக்கொண்டேன். ஆனால் அன்றைக்குப் பார்த்து அவருக்குக் கோபமே வரவில்லை. காபி தீர்ந்துவிட்டது என்றேன். விரதத்தில் யாருக்குக் காபி என்று சிரித்தார். உங்கள் வேன் வழியை மறித்து நிற்கிறது, நாகரிகம் வேண்டாமா என்று கொஞ்சம் குரலை உயர்த்தினேன். டிரைவரிடம் சொல்லி எடுக்கச் சொல்கிறேன் என்றார். நாற்காலியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தால் மற்றவர்கள் எப்படிப் பார்ப்பது என்றேன். உடனே எழுந்து நாற்காலியை ஒரு கிழவிக்குக் கொடுத்துவிட்டு, கைப்பிடிச் சுவரை இன்னும் ஒட்டி நின்றுகொண்டார். நிச்சயதார்த்தத்தில் ஒரு காபிக்காக எழுந்துபோன மனுஷர்! எனக்கு அழுகையே வந்துவிட்டது. காலடியில் ஏதோ லேசாக இறங்கியது போல இருந்தது. நிஜமா, என் பயமா என்று இன்றுவரை தெரியாது.

அப்போதுதான் அதைச் சொன்னேன். எல்லாருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன்.

“களத்துக்கு எறங்கிப் போங்க சம்மந்தி. உங்க அப்பா வண்டி மாட்டோட அங்க நின்னுதான பாத்தாரு. அவருக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியாமயா பூடும்?”

சம்பந்தி என்னைத் திரும்பிப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை, முதலில் ஒன்றுமே இல்லை. பிறகு தோளில் இருந்த துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டார்.

“எல்லாரும் கீழ எறங்குங்க” என்றார். அவ்வளவுதான்.

இறங்கினார்கள். நான் நினைத்தபடியே வரிசையாக, நிதானமாக. ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. கவிதா என்னைக் கடந்து போகும்போது ஒரு நொடி நின்றாள், மாமியார் பின்னாலேயே இறங்கிவிட்டாள். மிச்சம் இருந்தவர்கள்? சம்பந்தி சண்டை நடக்கும்போது மாடியில் நின்று மலையைப் பார்க்கும் ஆள் இந்த ஊரில் உண்டா? சமாதானம் செய்யப் பாதிப் பேர், வேடிக்கை பார்க்க மீதிப் பேர் என்று பின்னாலேயே போய்விட்டார்கள். நாற்காலியில் இருந்த கிழவியைக் கைத்தாங்கலாக இறக்கிக்கொண்டு கடைசியாக நானும் என் மனைவியும் வந்தோம். வழிநெடுக அவள் என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். உனக்கு வாய்க்கொழுப்பு என்றாள், பெண்ணைக் கொடுத்த இடத்தில் பேசுகிற பேச்சா என்றாள்.

களத்துக்கு வந்ததும் தீபம் தெரிந்தது. ஊர் முழுக்க ‘அரோகரா’ எழுந்தது. சம்பந்தி களத்தின் நடுவில் நின்று கைகூப்பினார். கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. பக்திதான் என்று நான் நினைத்துக்கொண்டேன், அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது. பிறகு எல்லாரும் விரதத்தை முடிக்காமலே, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் வேனில் ஏறினார்கள். நான் தெருமுனைவரை ஓடவில்லை. கூடத்தில் முட்டுக் கொடுக்கிற சத்தம் கேட்டது, அங்கே ஓடினேன்.

மாடி விழுந்திருக்குமா என்று நீங்கள் எல்லாரும் கேட்பீர்கள். தெரியாது. ஆட்கள் இறங்கியபிறகு பெயர்ந்து விழுந்தது ஒரு பெரிய காரைக் கட்டி மட்டும்தான். முனையைத் திறந்து பார்த்தபோது உள்ளே கரையான் தின்றது போகச் சக்கைதான் மிச்சம் இருந்தது. அது இன்னும் ஐந்து நிமிஷம் தாங்கியிருக்கலாம், ஐந்து வருஷமும் தாங்கியிருக்கலாம். மறுநாள் காலையிலேயே சுலோச்சனா அம்மா படிக்கட்டைப் பூட்டினார், தங்கியிருந்தவர்களிடம் காரணத்தையும் தானே சொன்னார். என்னிடம், ‘முதல்ல உங்க சம்மந்திகிட்ட போய்ச் சொல்லுங்க’ என்றார். நான்தான் இன்று நாளை என்று தள்ளினேன். இன்ஜினியரின் மாடி இன்ஜினியரின் சொந்தக்காரர்கள் ஏறியே விரிந்தது என்று கீழ்பென்னாத்தூரில் பேசுவார்களே என்ற கவலை. கவிதா போனை எடுப்பதில்லை. அவள் மாமியார் எடுத்து, வேலையாக இருக்கிறாள் என்று வைத்துவிடுவார்.

பொங்கல் வரிசையை எடுத்துக்கொண்டு நானும் மனைவியும் போனோம். வாங்க என்றார்கள், உட்காரச் சொன்னார்கள், காபி சூடாக உடனே வந்தது. அந்த வேகமே எனக்குப் பயமாக இருந்தது. போனில் எடுத்துவைத்திருந்த படங்களைச் சம்பந்தியிடம் காட்டி, விரிந்த பூச்சு, சக்கையான முனை, எல்லாவற்றையும் சொன்னேன். வேறு வழி தெரியவில்லை, அதனால்தான் அப்படிப் பேசினேன் என்றேன். சொல்லி முடித்ததும் மார்பிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. இப்போது எழுந்து கட்டிக்கொள்வார், உயிரைக் காப்பாற்றினீர்கள் என்பார் என்று காத்திருந்தேன். சத்தியமாகக் காத்திருந்தேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“இத அன்னைக்கே என் காதுல சொல்லியிருக்கலாமே சம்மந்தி.”

“நேரமில்லீங்க” என்றேன்.

“எங்க அப்பாவப் பத்திப் பேச நேரம் இருந்துச்சு” என்றார். குரலை உயர்த்தவே இல்லை. “மாடி தாங்காதுன்னு ரெண்டு வார்த்த. நானே ஒரு கூச்சல் போட்டு, உங்களத் திட்டிட்டு, அத்தினி பேரையும் எறக்கிக் கூட்டிக்கினு போயிருப்பேன். கோவப்படற மாதிரி நடிக்க எனக்குத் தெரியாதா? பாதி நேரம் அதத்தான பண்றேன். நீங்க என் கோவத்த நம்புனீங்க. என்னை நம்பல.”

உள்ளே கவிதா இலை போட்டுக்கொண்டிருந்தாள். சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று சம்பந்தி எழுந்தார், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார், வாசல்வரை வந்து வழியனுப்பினார். கவிதாவையும் பேத்தியையும் எங்களோடு அனுப்பி வைத்தார். மனைவி வழியெல்லாம் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டே வந்தாள். நானும் ஆமாம் என்றேன்.

கம்பெனி மாடிக்கு இரும்பு கொடுத்துப் பலப்படுத்தியாகிவிட்டது. பலகையைக் கதவின் முகப்பிலேயே அடித்திருக்கிறேன். நீங்கள் போய்ப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம், சுலோச்சனா அம்மா நல்ல காபி கொடுப்பார். சம்பந்தியும் எங்கள் வீட்டு விசேஷங்களுக்கெல்லாம் வருகிறார். காபி தாமதமானால் காத்திருக்கிறார். பத்திரிகையில் பெயர் எந்த வரியில் இருக்கிறது என்று பார்ப்பதில்லை. போன வைகாசியில் பேத்திக்குக் காது குத்தியபோது தாய்மாமன் முறைக்காரர்களைக் கவனித்த அவசரத்தில் அவருக்கு நாற்காலி போடவே மறந்துவிட்டேன். நினைவு வந்து பதறி ஓடினேன். சுவரோரமாக நின்றுகொண்டிருந்தவர், பரவாயில்லை சம்மந்தி, வேலையைப் பாருங்கள் என்றார். அந்தப் பொங்கலுக்குப் பிறகு அவர் என்னிடம் ஒருமுறைகூடக் கோபித்துக்கொண்டதில்லை.